உன் காருக்கு ஏற்றிய ட்ரிப்ஸ்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீ அடுத்துக் கேட்கப்போவது என்ன என்று தெரியும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன், உன் கூரை திறக்கும் காரும் சௌக்கியம். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் தாளில் எழுதுகிறேன், அப்பா படம் எடுத்து அனுப்புவார். எப்போது வேண்டுமானாலும் படி, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடு. ஒரு மனிதரின் வேலை அதில் தொங்குகிறது.

நீ அனுப்பிய சார்ஜர் வந்த அன்று கார் நிற்கும் கீழ்த்தளம் ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிட்டது. ஓட்டாமல் நிறுத்திவைத்த காரின் பேட்டரி செத்துப்போகாமல் இருக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாய். சரி, ஊட்டிவிடலாம் என்று இறங்கினோம். பேட்டரி முன்னால்தான் இருக்கும் என்று அப்பா பானெட்டைத் திறந்து தேடிக் களைத்த பிறகு அது பின்னால் டிக்கியில், கம்பளத்துக்கு அடியில் படுத்திருப்பது தெரிந்தது. வார்டில் காலமெல்லாம் ட்ரிப்ஸ் ஏற்றியவள் நான், நரம்பே கிடைக்காத நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒளிந்துகொண்ட நோயாளியைப் பார்த்ததில்லை. சிவப்புக் கிளிப் முதலில், கறுப்பு அப்புறம், சுவரில் சொருகுவது கடைசியில் என்று உன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். காலில் ரப்பர் செருப்பு, கையில் நான் பாத்திரம் கழுவும் உறை. பச்சை விளக்கு எரிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ பிறந்தபோதுகூட எனக்குக் கை கொடுக்காத மனிதர்.

கீழ்த்தளத்தில் இருப்பது ஒரே ஒரு ப்ளக் என்பது உனக்கு நினைவிருக்காது. அதில் இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்தது நம் காவலாளியின் மேசை விசிறி. வெயிலிலும் சங்கம் கொடுத்த தொப்பியைக் கழற்றாமல் நிற்பாரே, தொப்பிக்காரர் என்று கூப்பிடுவோமே, நீ கிளம்பிய அன்று உன் பெட்டிகளை எல்லாம் தூக்கி வைத்தாரே, அவர்தான். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரிடம் நீ ஒரு வார்த்தை சொன்னாய், அவர் ஒரு வார்த்தை சொன்னார், விசிறி போயிற்று, கார் வந்தது. யாரும் ஏறாத கார் உறை போர்த்திக்கொண்டு மின்சாரம் குடிக்கிறது, காவலுக்கு இருப்பவர் அட்டையால் விசிறிக்கொள்கிறார். நான் கேட்டதற்குச் செயலாளர், அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சும்மா என்றார். பழகிப்போனது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம்தான், கரண்ட் நின்றால் சொல்லிக்கொடுக்கும் அந்த சார்ஜரிலிருந்து உன் போனுக்குத் தகவல் வர ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் கரண்ட் நிற்கிறது, விடிந்ததும் வருகிறது. அதைப் பார்த்த நீ பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், காவலாளி என் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தன் விசிறியைப் போட்டுக்கொள்கிறார், நடவடிக்கை எடுங்கள் என்று எழுதினாய். என்ன அழகான எழுத்து, ஒரு பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை நிறுத்திவிடுவது என்று எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கியாயிற்று.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நேற்றுச் சாயங்காலம் கீழே போய், உறையை விலக்கி, உன் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். நீ வாங்கியதிலிருந்து நான் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை, சீட் நன்றாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் திருடன் வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நேராகப் படியோரச் சுவருக்குப் போய், ப்ளக்கை விட்டுத் தள்ளி விளக்கு சுவிட்சுகளோடு இருக்கும் அதன் சுவிட்சை அணைத்தான். உன் அப்பா. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய் விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டு வந்த தலைமையாசிரியருக்கு ஓய்வு கொடுத்தார்கள், அந்த விரலுக்கு யாரும் கொடுக்கவில்லை. விருந்தாளி உள்ளே இருக்கும்போதே குளியலறை விளக்கை அணைத்தவர். நீ ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தபோது கம்ப்யூட்டரை அணைத்து, நீ அழுது புரண்டது மறந்துபோயிற்றா? தினமும் இவரோடு வாழும் எனக்கே தோன்றவில்லை, உன்னைச் சொல்லி என்ன. கண்ணாடியைத் தட்டினேன். துள்ளிவிட்டார். "வண்டிக்குள்ள என்ன பண்றே நீ? எந்தப் புண்ணியவானோ தினம் இந்த சுவிட்சைப் போட்டுட்டுப் போயிடறான், நான்தான் அணைக்க வேண்டியிருக்கு" என்றார். இது நம் சார்ஜருடைய சுவிட்ச் என்று சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் புண்ணியவான் தொப்பிக்காரர்தான். சார் மறதியாக அணைத்துவிட்டுப் போகிறார் என்று தினமும் விடிந்ததும் போட்டு வைத்திருக்கிறார். உங்கள் மேல் பழி வந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா நம்பியிருப்பாங்களாம்மா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு உடனே செயலாளர் வீட்டுக்குப் போனார். அணைத்தது நான்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார். "உங்க பெரிய மனசு யாருக்கு வரும் சார், வேலைக்காரனைக் காப்பாத்த பழியை நீங்க ஏத்துக்கறீங்க" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வண்டி உன் பேரில், புகார் உன் பேரில், நீ எழுதினால்தான் ஆகுமாம். பார்த்துக்கொள், தலைமையாசிரியர் தப்பை ஒத்துக்கொண்டாலும் எடுபடாது, காவலாளி செய்யாததைச் செய்யவில்லை என்றாலும் எடுபடாது, தூரத்தில் இருப்பவன் போனில் மின்னியதுதான் சத்தியம்.

அதனால் நீ எழுது. அதே குழுவில், அதே பிழையில்லாத தமிழில், அணைத்தது என் அப்பா, காவலாளி இல்லை, மன்னிக்கவும் என்று எழுது. தவறான புரிதல், தகவல் இடைவெளி என்றெல்லாம் எழுதாதே, அது யாருக்கும் விளங்காது. நீ எழுதாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் போய் நிற்பேன், இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவேன். வார்டில் டாக்டர்களையே அதட்டிய குரல் இது.

இன்னொன்று, இன்று காலை முதல் உன் போனில் தகவல் வந்தபடி இருக்கும். பதறாதே, களவு இல்லை. சுவரிலிருந்து பிடுங்கி, கறுப்பை முதலில் எடுத்து, சிவப்பை அப்புறம் எடுத்து, முறையாக நான்தான் கழற்றினேன். அந்த ப்ளக்கில் இப்போது விசிறி ஓடுகிறது. பேட்டரி செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். நீ வந்து ஓட்டினாலும் சரி, விற்றாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, மருமகளை நான் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. மேலே எழுத முடியவில்லை, உன் அப்பா விளக்கை அணைக்க வந்து நிற்கிறார்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அம்மா