உலை கொதிக்கும் முன் ஒரு பாட்டு

ஐப்பசி 4, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் உள்ளே, ஒரே சத்தம். இவருக்கு மட்டும் ஆபீஸ் உண்டு, கணக்கெழுதும் கிராணியாச்சே. குடையோடு போனார்.

உலை வைத்தேன். கொதிப்பதற்குள் ஒரு பாட்டு, தினப்படி. யோசிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. நேற்று காலைக் கடித்த அட்டை மேல். அதற்கு முன் இவர் குறட்டை மேல். இன்று ஒன்றும் வரவில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடை.

வாசலில் ஒருத்தன் தலையில் பெட்டியோடு தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாப் பக்கம் போனான். என்னப்பா என்றேன். "டின் பாலும்மா. துரை நாய்க்கு." உடனே வந்துவிட்டது:

துரை வீட்டு நாய்க்குத் தினம் டின் பாலு
தொட்டிலுப் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணி
குரைக்கத் தெரிஞ்சாக் கொடுப்பாங்களோ
கொஞ்சம் குரைச்சுப் பாரடா கண்ணே

உப்புக் கேட்டு வந்த அஞ்சலையிடம் சொன்னேன். வெட்டுக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொள்கிறவள். சிரித்தாள். இன்னொரு தரம் சொல்ல வைத்தாள். உப்பை மறந்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி 6, வியாழன்
நல்ல வெயில். போர்வை துவைத்தேன். ரவிக்கை தைக்க உட்கார்ந்து எழுந்துவிட்டேன். குழாயடியில் பெண்கள் வாயில் என் பாட்டு. கொட்டகையில் தாலாட்டே அதுதானாம். சாயங்காலம் துரை நாயோடு நடந்து போக, பின்னால் பொடிசுகள் லொள் லொள் என்று.
பயம். கூடவே சந்தோஷம். அது இன்னும் பயம்.

ஐப்பசி 7, வெள்ளி
மத்தியானமே வந்துவிட்டார். முகம் சரியில்லை. பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று துரை கேட்டாராம்.
"என்ன சொன்னீங்க?"
"நாயைப் புகழ்ந்து பாடுறாங்கன்னேன்."
"நம்பினாரா?"
"பிள்ளைங்க நாய் பின்னாலயே குரைக்குதுங்க. எப்படி நம்புவாரு?"
அஞ்சலைதான் சொல்லிக்கொடுத்தாள் என்று முடிவாம். நாளையோடு வேலை இல்லை அவளுக்கு.
"அது என் பாட்டு."
"தெரியும். இந்தத் தோட்டத்துல வேற யாரு?"
இவர் சாப்பிடவில்லை. போய்ச் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. உலை வைக்கும்போது ஒரு வரி வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசி 8, சனி
மேகமூட்டம். ஆபீஸுக்குப் போனேன். இதுவரை அந்தப் படி ஏறினதில்லை. வெளியே அஞ்சலை, துணி மூட்டையோடு. "ஏன் கிராணியம்மா வந்தீங்க, போயிடுங்க" என்றாள்.

உள்ளே துரை, பக்கத்தில் இவர். "பாட்டு என்னுது. அஞ்சலை பாடினா, அவ்வளவுதான்." இவர் இங்கிலீஷில் சொன்னார். துரை ஏதோ கேட்டார்.
"ஏன் எழுதினேன்னு கேக்குறாரு."
"எழுதல. வாயில வந்துச்சு."
அதையும் சொன்னார். ஆனால் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே போனார். நான் சொன்னது அவ்வளவு நீளமில்லை. துரை முகம் சிவந்தது. கதவைக் காட்டினார், இரண்டு பேருக்கும்.

அஞ்சலை கொட்டகைக்குத் திரும்பலாமாம். இவருக்கு வேலை போயிற்று. நாளைக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும். பெக்கோக் டவுனில் இவர் சிநேகிதர் இருக்கிறார், அங்கே கொஞ்ச நாள்.

ரப்பர் மரங்களுக்குள் திரும்பி வந்தோம். இவர் முன்னால், நான் பின்னால்.
"அவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க?"
திரும்பிப் பார்க்காமலே:
"பாட்டுக்கு அர்த்தம். இந்தத் தடவை சரியா."