எண்ணிக்கையில் வராத கெண்டை

அக்டோபர் 20, 2074. காலை 7.10
கரடிப்பாறை ஓடை, தடுப்பணைக்கு மேல்புறம். தண்ணீர் 23 டிகிரி. செவ்வால் கெண்டை 43. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இந்த மீன் உலகில் இங்கே மட்டும்தான் மிச்சம். எண்ணியது நானல்ல, இயந்திரக் கெண்டை. தவிட்டைத் துப்பிக்கொண்டே நீந்தும், கூட்டம் பின்னால் வரும், படம் எடுக்கும். முன்பு பாறையில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து எண்ணுவேன். இப்போது பத்தே நிமிடம்.

அக்டோபர் 22. மாலை 4.30
இயந்திரத்துக்கு வெயிலில் சார்ஜ் ஏற்றும் பெட்டியை அணைக்குக் கீழே, என் கொட்டகையருகே மாற்றினேன். மேலே வெயில் போதவில்லை என்று அறிக்கையில் எழுதினேன். உண்மையில் பெட்டியைத் துடைக்க நாள்தோறும் மேடேற முழங்கால் வலிக்கிறது; இனி சில நாளுக்கு ஒருமுறை ஏறி இயந்திரத்தை எடுத்துவந்தால் போதும். கீழே மடுவில் ஆப்பிரிக்கக் கெளுத்திகள், எவரோ பண்ணையிலிருந்து கொண்டுவந்து விட்டவை. கண்டதையெல்லாம் விழுங்கும். நடுவில் அணை இருக்கிறது, கவலையில்லை.

அக்டோபர் 26. காலை 6.50
விடிய விடிய மழை. அணை வழிகிறது. நேற்று காய்ச்சல், இயந்திரத்தை எடுத்துவரப் போகவில்லை. வனக்காவலர் இசக்கிராஜ் வயர்லெஸ்ஸில்: "மேடம், ஒங்க பொம்ம மீனு கீழ மடுவுல கெடக்கு. பொறத்தாலயே ஒரு கூட்டம் வந்திச்சு, நான் பாத்தேன். இப்ப ஒண்ணையுங் காணல."

அக்டோபர் 26. காலை 8.15
படங்களைப் பார்த்தேன். பேட்டரி குறைந்தால் பெட்டியைத் தேடிப் போகும்படி அதைப் பழக்கியவள் நான். அதன் பின்னால் போகக் கெண்டைகளைப் பழக்கியவளும் நான்தான். வரிசையாக அணையைத் தாண்டுகின்றன. கடைசிப் படத்தில் கெளுத்தி மீசைகள் மட்டும். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அக்டோபர் 28. பகல் 12.00
பாறையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்று இருக்கிறது. வேருக்கடியில், வயிறு நிறைய முட்டையோடு. என் படம் எதிலும் இது இல்லை. தவிட்டுக்கு ஒருநாளும் வராதது, அதனால் எண்ணிக்கையிலும் வராதது.

அக்டோபர் 31. மாலை 5.20
அது இரை எடுக்கவில்லை. கூட்டம் கண்ணெதிரில் இல்லாவிட்டால் இந்த மீன் தின்னாது. நிறம் மங்குகிறது. இசக்கிராஜ்: "ஒத்தையில கெடந்து செத்துரும் மேடம். அந்தப் பொம்மையவாது தொணைக்கு விடுங்களேன்."
மறுபடியும் என் கையால் அதையா?

நவம்பர் 1. காலை 9.05
விட்டேன். இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், என்னைத் திட்டிவிட்டு மேலே படியுங்கள். கெண்டை வெகுநேரம் வேரடியிலேயே நின்றது. பிறகு வந்தது. இயந்திரத்தின் விலாவோடு ஒட்டி நின்றது. தவிட்டைத் தின்றது.
எண்ணிக்கை: 1.
என்னை நம்பாததால் பிழைத்த ஒரே மீன். இன்று அதுவும் என்னை நம்பிவிட்டது.