குளியலறை அலமாரியில் விட்டுப்போன மாத்திரைகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் நலம்தான் தெரியவில்லை. நீ போனையும் எடுப்பதில்லை, அனுப்பும் செய்தியையும் திறப்பதில்லை. தங்கை பரீட்சைக்குப் படிக்கிறாள், அண்ணன் ஏன் சொல்லாமல் போனான் என்று தினமும் கேட்கிறாள். என் மேல் கோபம் இருக்கட்டும், இதை மட்டும் கிழித்துப் போடாமல் படி.

நீ அரைகுறையாகப் பையைக் கட்டிக்கொண்டு போன மறுநாள், குளியலறை அலமாரியில் உன் மாத்திரை டப்பாவை அம்மா பார்த்தாள். பெயரைச் செல்போனில் தேடிவிட்டு, "ஐயோ, என் பிள்ளைக்கு எச்.ஐ.வி.யா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அன்று வேலைக்குப் போனேன். பழுது பார்க்க லிஃப்ட்டின் மேல் ஏறி நின்றவன், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கி வந்தேன். விசாரிக்க ஒரு வாரம் தைரியம் வரவில்லை. நான் லிஃப்ட் பார்க்கும் மருத்துவமனையில் மூன்றாம் மாடியில் இதற்கென்றே ஓர் அறை உண்டு, இத்தனை நாள் அந்தப் பலகையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நேற்று யாராவது பார்த்தால் வேலைக்கு வந்தவன் என்று நினைக்கட்டும் என்று கருவிப் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். நர்ஸம்மா, "லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்றார். டப்பாவை மேசையில் வைத்தேன், தெரிந்தவர் பையனுடையது என்று பொய் சொன்னேன்.

"நோய் வந்தவங்க இதை வேற மாத்திரையோட சேர்த்துச் சாப்பிடுவாங்க. வராம இருக்க நல்லா இருக்கிறவங்களும் சாப்பிடுவாங்க. டப்பாவை வச்சுச் சொல்ல முடியாது. அவர்கிட்ட இப்ப மாத்திரை இருக்கா?" என்று கேட்டார். நாட்களை எண்ணிப் பார்த்தேன். நீ போய் நேற்றோடு பத்து நாள். "என் பிள்ளைதாம்மா. அவனுக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும். அதைச் சொன்ன அன்னைக்கே என் முகத்துல முழிக்காதேன்னு விரட்டிட்டேன்" என்றேன். வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி, "முதல்ல அவருக்கு மாத்திரை கிடைக்கட்டும், அழுகையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

ஆகவே டப்பாவுக்காகக் காத்திருக்காதே, இன்றைக்கே உன் டாக்டரிடம் போ. நோய் வராமல் இருக்கச் சாப்பிட்டாயானால், விட்டுப்போன நாட்களில் அதை நம்ப முடியாதாம், நீயாகத் திரும்ப ஆரம்பிக்காமல் முதலில் ரத்தத்தைச் சோதித்துக்கொள். அதுவரை ஆணுறை இல்லாமல் யாரோடும் வேண்டாம், மாத்திரை சாப்பிடும்போதும் அதை விடாதே, மற்ற பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காதாம். எத்தனை கயிறு இருந்தாலும் நாங்கள் லிஃப்ட்டுக்குப் பிரேக் வைக்காமல் விடுவதில்லையே. இதற்குள் ஏதாவது நடந்திருந்தால் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால் நோயைத் தடுக்க வேறு மருந்து உண்டாம், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதே. ஒருவேளை நோயே இருந்தாலும், ஒழுங்காக மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவில் இன்னொருவருக்குத் தொற்றாதாம், எல்லோரையும் போல வாழலாமாம். இதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன், அதன் பிறகுதான் ஒரு வாய் சோறு சாப்பிட்டாள்.

எது என்று நீ எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை கிடைத்தது என்று அம்மாவுக்கு ஒரு வரி போடு. அன்று நான் பேசியதை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னோடு இருக்கிறவரைப் பற்றிச் சொல்ல வந்தாய், கத்தி உன் வாயை அடைத்தேன். அவரையும் சோதனைக்குக் கூட்டிப் போ. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பதில் எழுதும்போது, மறக்காமல் அவர் பெயரையும் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா