பிள்ளை பிடிப்பவனின் மனைவி

6 ஜூலை 1984, வெள்ளி

கடையில் இன்று நிற்க நேரமில்லை. செராங்கூன் சாலையில் பாதிப் பேர் அஜீஸ் பாய் கடைக்குத்தான் போட்டோஸ்டாட் எடுக்க வருகிறார்கள் போலிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணத்துக்கு ஜாதகம். மெஷின் சூட்டில் நின்று நின்று முகம் எரிகிறது.

வீட்டுக்கு வந்தால் இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் போய்வரும் லீலா என்ற ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை, தன் அடுக்குமாடி புளோக் வருவதற்கு முன்னாடியே கூட்டாளியோடு சேர்ந்து இறங்கிவிட்டாள். தாயார் லட்சுமி கீழே காத்திருந்து, பிள்ளையைக் காணோம் என்று அலறியிருக்கிறாள். கூட்டம் கூடிவிட்டது. இவரே புளோக் புளோக்காக ஏறி இறங்கி, கூட்டாளி வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கூட்டிவந்து ஒப்படைத்தார். லட்சுமி அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

“இனிமே ஒவ்வொரு எடத்துலயும் எண்ணிப் பார்த்துட்டுதான் வண்டியை எடுப்பேன்” என்றார். அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

8 ஜூலை, ஞாயிறு

மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் அன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் மக ரூபியைத் தனியா அனுப்பாத உர்சுலா. ரயிலுக்குப் பள்ளம் தோண்டுறாங்கல்ல, தூண் நிக்கணும்னா பிள்ளைங்க தலை வேணுமாம். புக்கிட் மேராவுல ஒரு பிள்ளையைத் தூக்கிட்டாங்களாம் லா!”

பாலம் கட்டினாலும் இந்தக் கதை, அணை கட்டினாலும் இந்தக் கதை. எனக்குச் சிரிப்பு வந்தது. “அது எங்க வேன் பிள்ளைதான். கூட்டாளி வீட்டுல டிவி பார்த்துட்டு இருந்தா” என்றேன்.

“அப்படியா?” என்றாள். பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று கேட்டதில் அவளுக்கு ஏனோ சந்தோஷமே இல்லை. கையிலிருந்த பலகாரத்தை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது முகம்.

11 ஜூலை, புதன்

இப்போது மூன்று பிள்ளைகளாம். வேனில் சாக்கும் கத்தியும் இருந்ததாம்.

13 ஜூலை, வெள்ளி

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

மத்தியானம் ஒரு அம்மா வந்தார். சந்திரமதி என்று பெயர். முன்பு ஒருமுறை சான்றிதழ் நகலெடுக்க வந்தவர். நல்ல சேலை, நல்ல பேச்சு. ஒரு தாளை நீட்டி, “இதுல ஐம்பது எடும்மா” என்றார். கையால் எழுதிய தாள். ஏற்கெனவே பல தடவை நகலெடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது.

‘பெற்றோர்களே உஷார்! பிள்ளை பிடிக்கும் கும்பல். சாம்பல் நிற வேன்.’ அதற்குக் கீழே வேன் நம்பர். ‘தமிழன்தான் ஓட்டுகிறான். மிட்டாய் கொடுத்து ஏமாற்றுவான். இதைப் பத்துப் பேருக்குக் கொடுங்கள். கொடுக்காதவர்கள் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பொறுப்பு.’

எங்கள் வேன் நம்பர்.

“நீயும் ஒண்ணு வச்சுக்கம்மா. உனக்கும் பிள்ளை இருக்குமில்ல?” என்றார் அவர், அவ்வளவு அன்பாக.

“இதை யாரு எழுதினதுங்க?”

“தெரியலையே. தங்கச்சி கொடுத்தா. அவளுக்கு ஆபீஸ்ல யாரோ கொடுத்தாங்களாம்.”

“இது பொய்ங்க. இந்த வேனை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர்தான் ஓட்டுறாரு.”

அவர் ஒரு அடி பின்னால் போனார். பையை மார்போடு அணைத்துக்கொண்டார். நானும் அந்தக் கும்பலில் ஒருத்தி ஆகிவிட்டேன், அந்த ஒரு விநாடியில்.

அஜீஸ் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து தாளை வாங்கிப் படித்தார். “அம்மா, என் கடையில இது ஓடாது. எடுத்துட்டுப் போங்க” என்றார். அந்த அம்மா எடுத்துக்கொண்டுதான் போனார். எதிர்வரிசையில் இன்னொரு கடை இருக்கிறது. அங்கேயும் மெஷின் இருக்கிறது.

16 ஜூலை, திங்கள்

காலையில் வேன் பாதி காலி. சாயந்தரம் முழுக்கக் காலி. ஒருவரும் உண்மைக் காரணம் சொல்லவில்லை. “மாமியார் கூட்டிட்டு வருவாங்க”, “பஸ்ல போகப் பழகட்டும்.” ஒரு சீனத்து அம்மா மட்டும் நேராகவே சொன்னாராம்: நீ நல்லவன்னு எனக்குத் தெரியும், ஆனா எனக்குப் பயமா இருக்கு.

அந்த ஒருத்தியை மன்னிக்க முடிகிறது.

17 ஜூலை, செவ்வாய்

லட்சுமி வீட்டுக்குப் போனேன். நடந்தது என்னவென்று அவள் ஒருத்தி வாய் திறந்து சொன்னால் போதுமே என்று போனேன். வீடு நிறையப் பெண்கள். நடுவில் லீலா, புதுக் கவுன் போட்டுக்கொண்டு.

“லட்சுமி, உங்க பிள்ளை அன்னைக்கு எங்க இருந்தாள்னு நீங்களே இவங்ககிட்ட சொல்லுங்க.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கூட்டாளி வீட்டுலதான் இருந்தா. ஆனா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யாருக்குக்கா தெரியும்? ஏதோ அந்தக் காளியாத்தாதான் காப்பாத்திட்டா.”

பக்கத்திலிருந்தவள் லீலாவைக் கிள்ளினாள். “சொல்லு பாப்பா, அங்கிள் என்ன கொடுத்தாரு?”

“மிட்டாய்” என்றது குழந்தை. எல்லாரும் உச்சுக்கொட்டி அதைத் தடவிக்கொடுத்தார்கள். இன்னொரு தரம் கேட்டார்கள். இன்னொரு தரம் சொன்னது. இரண்டாவது தரம் மிட்டாய் சிவப்பு நிறமாக இருந்தது.

ஆறு வயசுப் பிள்ளை. அதைக் கோபித்துக்கொண்டு என்ன செய்ய? ஆனால் லட்சுமி? கையெடுத்துக் கும்பிட்டவள்தானே? பிள்ளை தொலைந்து கிடைத்தால் அலட்சியமான அம்மா. பிள்ளை தப்பித்து வந்தால் சாமி அருள் பெற்ற அம்மா. எது வேண்டுமென்று முடிவு செய்துவிட்டாள்.

20 ஜூலை, வெள்ளி

தமிழ்ப் பேப்பரில் மறுப்பு வந்திருக்கிறது. எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை, வதந்தியை நம்பவேண்டாம் என்று போலீஸ் சொல்கிறது. ஒரு மூலையில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே. அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். ஒருவர் நின்று படித்துவிட்டுக் கூட வந்தவரிடம் சொன்னார்: “பேப்பர்லயே வந்துருச்சு பாத்தியா? ஒண்ணும் இல்லாமலா போடுவாங்க?”

சிரிப்பதா, மெஷினில் தலையை முட்டிக்கொள்வதா?

வண்டியை வீட்டிலேயே நிறுத்தச் சொன்னேன். “நிறுத்தினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்கிறார். சாமான் ஏற்றும் வேலை பிடித்திருக்கிறார். ஊரெல்லாம் சுற்றவேண்டும், அந்த நம்பரோடு.

24 ஜூலை, செவ்வாய்

அடித்துவிட்டார்கள்.

26 ஜூலை, வியாழன்

இவருக்கு இடது கண் போய்விட்டது. டாக்டர் சொன்னபோது ரூபி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வயசில் அவள் கேட்கவேண்டிய வார்த்தையா அது.

நடந்ததை இவரே சொன்னார், கட்டுக்குள்ளிருந்து, மெதுவாக. தோ பாயோவில் ஒரு கடைக்குச் சாமான் இறக்கப் போனார். பக்கத்து விளையாட்டு மைதானத்திலிருந்து பந்து உருண்டு சாலைக்கு வந்தது. ஒரு பையன் பின்னாலேயே ஓடிவந்தான். லாரி வருகிறது. இவர் பையனைப் பிடித்து இழுத்தார்.

அவ்வளவுதான். ஒரு பெண்பிள்ளை குரல் கத்தியது. யாரோ நம்பரைப் படித்தார்கள். அந்தத் தாள் அங்கேயும் போயிருக்கிறது. எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. கட்டை, நாற்காலி, கையில் கிடைத்ததெல்லாம்.

“எல்லா மொழியிலயும் திட்டினாங்க உர்சுலா” என்றார். “நான் சொன்னதுதான் ஒருத்தர் காதுலயும் விழல.”

பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவரைக்கும் நல்லது. நல்லதுதானா? ஆண்டவரே, இப்படிக் கேட்கிற அளவுக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்.

3 ஆகஸ்ட், வெள்ளி

அடித்தவர்களில் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் உண்டாம். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அடித்தார்களாம். போலீஸ்காரரிடம் கேட்டேன்: “எழுதினவன்?” கையை விரித்தார். “எழுதினது ஒருத்தர்னே சொல்ல முடியாதும்மா. ஆளுக்கு ஒரு வரி சேர்த்திருக்காங்க.”

மிட்டாய் ஒருத்தர் வரி. சாக்கு ஒருத்தர் வரி. நம்பரைச் சேர்த்தவர் அன்று லட்சுமி புளோக்கின் கீழே நின்று வேடிக்கை பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். எங்கள் முகம் தெரிந்தவர்.

அன்னம்மா கோழி சூப் கொண்டுவந்தாள். பாதிரியார் பூசையில் ஜெபித்தாராம். கோவிலில் எல்லாரும் அழுதார்களாம். அழட்டும். இவர் அடிபடுவதற்கு முந்தின ஞாயிறு எங்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போனவர்களும் அவர்கள்தான்.

9 ஆகஸ்ட், வியாழன்

தேசிய தினம். ரூபி அணிவகுப்பு பார்க்க மாட்டேன் என்று டிவியை அணைத்துவிட்டாள். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக நடக்கிறார்கள். அப்பா பார்க்கவேண்டாம் என்று என் காதில் சொன்னாள்.

12 மார்ச் 1985, செவ்வாய்

அந்தச் சந்திரமதி அம்மா வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், விவரத் தாள் நகலெடுக்கவேண்டும். என்னை அடையாளம் தெரியவில்லை. மெஷின் ஓடும்போது பேச்சோடு பேச்சாக, “போன வருஷம் பிள்ளை பிடிக்கிறவன்னு ஒரே பேச்சா இருந்துச்சே, அப்புறம் பிடிச்சாங்களாம்மா?” என்றார்.

“பிடிச்சாங்க. அடிச்சாங்க. ஒரு கண் போயிருச்சு.”

“நல்லா வேணும்.”

“அவரு என் வீட்டுக்காரர். அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன், இதே இடத்துல நின்னு.”

தாள்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவர் முகம் வெளுத்தது. ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். வேண்டாம் என்று நினைத்தாலும் காத்திருந்தேன்.

“நான் நல்லதுக்குத்தானேம்மா கொடுத்தேன்” என்றார் கடைசியில். பிறகு, கொஞ்சம் தெம்பு வந்தவராக, “ஆனா நெருப்பு இல்லாமலா இத்தனை பேரு பேசுவாங்க?”

நகல்களை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். ஒன்று மங்கலாக விழுந்திருக்கிறது என்று திரும்பி வந்து, மாற்றியும் வாங்கிக்கொண்டு போனார்.

11 ஜூன் 1989, ஞாயிறு

சுவா சூ காங்குக்கு வந்து சில மாதம் ஆகிறது. புது புளோக், புது முகங்கள். எங்களை யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் வந்தோம். இவருக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை. ரூபி டைப்பிங் படிக்கிறாள். ரயிலும் ஓட ஆரம்பித்துவிட்டது, எல்லாரும் ஏறுகிறார்கள்.

இன்று பூசைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். நான் காய்கறி வாங்கப் பின்தங்கிவிட்டேன். இவர் முன்னால் போனார். நான் வந்து சேர்ந்தபோது, புளோக் படிக்கட்டுக்கிட்டே ஒரு சின்னப் பெண், மூன்று வயசு இருக்கும், சைக்கிளோடு விழுந்து கிடந்தது. முட்டி கிழிந்து ரத்தம். வீறிட்டு அழுதுகொண்டே இவரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது.

இவர் தூரத்தில் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “யாராவது பொம்பளை ஆள் வாங்களேன்! யாராவது வாங்களேன்!” என்று கத்திக்கொண்டிருந்தார். குழந்தை இன்னும் கையைத் தூக்கியபடியே இருந்தது.

பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நான்தான் தூக்கினேன். தாயார் மேலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொண்டு, இவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

லிஃப்டில் யாரும் இல்லை. கதவு மூடினதும் என் பக்கம் திரும்பினார்.

“நான் தொடல. நீ பாத்தே இல்ல?”

“பாத்தேன்.”

“கேட்டா சொல்லுவேல்ல?”

சொல்லுவேன் என்றேன்.