மெஹருன்னிசா எழுந்து நடக்கிறாள்

எலப்புள்ளி
12.8.1977

குவைத்தில் இருக்கும் மகன் அப்துல் ஷுக்கூருக்கு அம்மா ஐசும்மாவின் ஸலாம். உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காக்கட்டும். இங்கே மழை விடவில்லை. கடையை உன் மாமா சைனுதீன் பார்த்துக்கொள்கிறார்.

உன் பெண்டாட்டி மெஹருன்னிசாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுக் கூட்டி வந்தேன். இரண்டாவது தடவை வயிற்றைத் திறந்ததில்தான் சங்கதி தெரிந்தது. முன்பு கட்டி எடுத்த இடத்தில் குடலும் கர்ப்பப்பையும் கருக்குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததாம். இத்தனை நாள் அவள் சுருண்டு கிடந்தது நீ நினைத்ததுபோல் நடிப்பில்லை. பிள்ளை உண்டாகாததற்கும் அதுதான் காரணமாம். ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். மற்றதைப் பிரித்து விட்டிருக்கிறார்கள்.

மறுபடியும் ஒட்டாமலிருக்க டாக்டரம்மா ஆனமட்டும் பார்த்தார். டாக்டர்கள் போடும் ரப்பர் கையுறையில் தூவியிருக்கும் மாவு உள்ளே விழுந்தால்கூட ஒட்டுமாம்; அதைக் கழுவிவிட்டுத்தான் வயிற்றுக்குள் கை வைத்தாராம். மூடும் முன்னால் ஏதோ மருந்துத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார். தையலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள்.

அப்போதுதான் வீட்டுக்கு வந்த உன் கடிதத்தை மாமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். என் கண்ணாடி வீட்டில் இருந்ததால் அவரையே வாசிக்கச் சொன்னேன். அவள் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தோம். வேறு பெண் பார்க்கச் சொல்லி நீ எழுதியிருந்ததை அவர் வாசித்து முடிக்கும்போது அவள் கண் திறந்திருந்தது.

அவள் அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழவே இல்லை. நர்ஸ் சத்தம் போட்டாள். டாக்டரம்மா வந்து, படுத்தே கிடந்தால் பட்ட பாடெல்லாம் வீண் என்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "இனி யாருக்காக நடக்கோணுங்க மாமி?" என்று கேட்டாள். "யாருக்காகவும் வேண்டாம் கண்ணு, உன்ற வயித்துவலி தீரட்டும், எந்திரி" என்றேன். வெகுநேரம் கழித்துத்தான் காலைக் கீழே வைத்தாள். இப்போது முற்றத்தில் நடக்கிறாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

டாக்டரம்மா எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. திரும்ப ஒட்டுவதற்கு முன்னால், இந்த ஒரு வருஷத்துக்குள் உண்டானால்தான் பிள்ளைக்கு வழி என்றார்; புருஷன் எங்கே என்று கேட்டார். குவைத்தில் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

நான் எந்த வீட்டுப் படியும் ஏறிப் பெண் கேட்க மாட்டேன். லீவு எடுத்து வா. வரமாட்டாய் என்றால் அதையும் சீக்கிரம் எழுதிவிடு. அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஐந்து வேளையும் உனக்காகக் கையேந்துகிறேன். அல்லாஹ் உனக்கு நல்ல மனசைக் கொடுக்கட்டும்.

துஆவுடன்,
உன் அம்மா
ஐசும்மா