மடிப்பிச்சைக்குப் போன இடத்தில்

திருத்தணி,
ஆடி, இரண்டாம் வெள்ளி.

அன்புள்ள பாவாவுக்கு அனுசுயா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். துபாயில் வெயில் கொஞ்சமாவது குறைந்ததா? போனில் வலிப்பு என்ற வார்த்தையை எடுத்தாலே கட் பண்ணினீர்கள், இப்போது போனையே எடுப்பதில்லை. அதான் கடிதம்.

எனக்கு இந்த நோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, வெளியில் மயக்கம்னு சொல்லு, நிர்மலாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கினு இருக்கோம், என் தங்கச்சி வாழ்க்கை கெட்டுடும் என்றீர்கள். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நோய் தீர நான் மடிப்பிச்சை எடுத்து மலைக்குச் செலுத்துவதாக வேண்டிக்கொண்டது உங்கள் அம்மா. மஞ்சள் புடவையில் முந்தானையை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போனால், என்ன வேண்டுதல் என்று கேட்க மாட்டார்களா? அத்தைக்கு அது தோன்றவே இல்லை!

குடும்ப நன்மைக்கு என்று சமாளித்துக்கொண்டே போனேன். மார்க்கெட் பின்னால் கௌரியம்மாள் என்று ஒரு அம்மா விடாமல் கேட்டார்கள். எரிச்சலில், எனக்கு வலிப்பு வருதுங்க, போதுமா என்று கத்திவிட்டேன். அந்தம்மா அரிசி போடவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே அவர்கள் மகள் கவிப்பிரியா. பள்ளிக்கூடத்தில் விழுந்த நாளிலிருந்து வீட்டோடு வைத்திருக்கிறார்கள். வலிப்பு வரும்போதெல்லாம் சாவிக்கொத்தைத் திணித்துத் திணித்து உள்ளங்கை பூரா காயம். மெட்ராஸ் போய்வந்தால் அன்றைய கூலி போகிறது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம்.

சாமிக்கு எடுத்ததைச் சாமி உண்டியலில் போட்டாச்சு, அதில் கை வைக்கவில்லை. மறுநாள் சாதாரணப் புடவையில் அதே தெருவுக்குப் போனேன். இது சாமிக்கு இல்லீங்க, வலிப்பு வர்ற பிள்ளைங்க மாத்திரைக்கு, எனக்கும் அதுதான் என்று சொல்லியே கேட்டேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி, எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதும்மா என்றார்கள். இப்போது ஞாயிறுதோறும் நம் மாடியில் கூடுகிறோம். சாவி வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று நானே தரையில் படுத்துக் காட்டுகிறேன். அத்தை தலையில் அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் பந்தல் போட்டு, மைக்கில் பேசி, மாத்திரைக்குப் பணம் கேட்கப் போகிறோம். கவிப்பிரியாவும் பேசுகிறாளாம். எனக்குத் தூக்கமே இல்லை. தூக்கம் கெட்டால் வந்துவிடும் என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். அவ்வளவு கூட்டத்தில் விழுந்தால்? நிர்மலாவைப் பார்க்க வந்த வீட்டிலிருந்தும் பதில் இல்லை. போனா போறான் அண்ணி என்கிறாள், ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும், உன் வூட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தெரிந்தால் பெண்ணைத் துரத்திவிடுவார்கள் என்ற பயம்தானே எல்லாருக்கும். அவர்தாங்க தைரியம் சொல்லி அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை நம்பித்தான் கவிப்பிரியாவை வெளியே விட்டார்கள். பந்தலிலும் யாராவது கேட்பார்கள். அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன சொல்லட்டும்?

அதற்குள் ஒரு தடவை போன் பண்ணுங்கள் பாவா. திட்டவாவது பண்ணுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களை நல்லபடியாக வைக்கட்டும்.

இன்னும் உங்கள் மனைவிதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்,
அனுசுயா