கண்டலாற்று அணையில் முட்டி நிற்கும் மீன்குஞ்சுகள்

அனுப்புநர்:
திருமதி ஞானாம்பிகை பிரகாஸ்,
கண்டலாற்றங்கரை, கரவெட்டி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
கதவணைகள் பராமரிப்புப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

விடயம்: மீன்குஞ்சுகள் ஆற்றுக்குள் வர வழிவிடுவதும், காவலாளி திரு. நடராசாவை மீளப் பணியில் சேர்ப்பதும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் கணவரும் கண்டலாற்றில் வீச்சுவலை போட்டு வாழ்பவர்கள். உப்புநீர் புகாதிருக்க மூன்று வருடங்களுக்கு முன் ஆற்றுவாயில் இரும்புக் கதவுகள் வைத்து அணை கட்டினீர்கள். கிணறுகள் நன்னீராகின. என் தங்கையின் வெங்காயத் தோட்டமும் தப்பியது. இதை நான் மறுக்கவில்லை.

2. ஆனால் மணலையும் திரளியும் கடலில் முட்டையிடும் மீன்கள். அவற்றின் குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறித்தான் வளர வேண்டும். அணை கட்டிய மறுவருடமே, அவ்வாறே கடலிலிருந்து ஏறிவரும் இறாலும் இல்லாமற் போயிற்று. இப்போது வலையில் விழுபவை கிழட்டு மீன்கள் சில மட்டுமே.

3. கடந்த தை (ஜனவரி) மாதம், 19ஆம் திகதி காலை, கதவின் கடற்பக்கம் குஞ்சுகள் கறுப்பாகத் திரண்டு இரும்பில் முட்டிக்கொண்டு நின்றன. கொக்குகள் இறங்கிவிட்டன. நானும் அயல்வீட்டுப் பராசக்தியும் வாளியில் அள்ளி, அணையின் மேலால் ஏறி உள்ளே விட்டோம். பாதி வாளிக்குள்ளேயே செத்தன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

4. காவலாளி திரு. நடராசாவிடம் ஓடினேன். "உத்தரவு இல்லாமல் கை வைக்கேலாது, தங்கச்சி" என்றார். "உத்தரவு வருமட்டும் உதுகள் உயிரோடை நிக்குமோ, அண்ணை?" என்று கத்திவிட்டேன். அவர் போய் ஒரு கதவை ஒரு சாண் உயர்த்தினார். இருபது நிமிடத்தில் குஞ்சுகள் உள்ளே போயின. அவரே கதவை இறக்கினார். அன்றிலிருந்து ஒரு கிழமை தங்கையின் கிணற்றுத் தண்ணீரைத் தினமும் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை.

5. மறுநாளே அவர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். திறக்கக் கேட்டவள் நான், என்னை எவரும் விசாரிக்கவில்லை. நேற்று அவர் எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்தார். என்னைக் குறை சொல்வார் என்று நினைத்தேன். "உள்ளை போனதுகள் தங்கினதோ?" என்று மட்டும் கேட்டார். ஆற்றங்கரைக் கண்டல் மர வேரடியில் அரைவிரல் நீள மணலைக் குஞ்சுகளைக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

ஆகவே, தண்டனை ஏதுமிருப்பின் அதை எனக்குத் தந்து, அவரைப் பணியில் சேர்க்கவும்; மாசி முடியும்வரை கடல்வெள்ளம் ஏறும் நாட்களில் ஒரு கதவை அரைமணி நேரம் திறக்க எழுத்தில் உத்தரவிடவும் பணிந்து கேட்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை அமாவாசை; கடல்வெள்ளம் ஏறும், குஞ்சுகள் மீண்டும் வரும். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு தங்கள் மேசையில் இருக்கிறது, ஐயா.

இவ்வண்ணம் காத்திருக்கும்,
ஞா. பிரகாஸ்

இடம்: கரவெட்டி
திகதி: 12.02.2026